தட்டில் கிடந்த உருண்டைக் கொட்டை

எங்கள் கோடைக்கானல் கடைவீதிக்கு அந்நாளில் ஒரு கால்பந்து அணி இருந்தது. வணிகர்கள் கூடிக் கூலி கொடுத்து ஆட்களை அமர்த்தியிருந்தமையால், அதனை விளையாட்டு என்று எவரும் எளிதாகக் கருதுவதில்லை. அணி தோன்றி இருபத்தைந்து ஆண்டு நிறைந்தபோது, அதுவரை ஆடியோருள் தலைசிறந்த பதினொருவரைத் தேர்ந்து, துணிக்கடைச் சுவரில் அவர்தம் பெயர்களை எழுதுவதென்று முடிவாயிற்று.

பத்து இடங்கள் பேச்சிலேயே தீர்ந்தன. இலக்குக் காவலர் இடத்திற்கு மட்டும் இருவர் நின்றனர். ஒருவர் காலஞ்சென்ற பழைய காவலர். இறந்துவிட்டமையால் அவர் கோட்டை விட்ட பந்துகளையும் ஊர் மறந்திருந்தது. மற்றவர் என் தாய்மாமன். பன்னிரண்டு ஆண்டு இலக்கைக் காத்தவர். ஒரேயொரு நாள், இறுதி ஆட்டத்தில், மூடுபனிக்குள்ளிருந்து வந்த பந்து அவர் கைகளுக்கிடையே நழுவிற்று. ஊர் நினைவில் நின்றது அந்த ஒரு பந்துதான். பள்ளியில் எனக்கு 'ஓட்டைக்கையன் மருமகன்' என்று பெயர்.

இரண்டு தகர டப்பாக்கள் வைத்து, பொருளுதவி செய்தோர் ஆளுக்கொரு காப்பிக்கொட்டை இடுவதென்று ஏற்பாடு. காப்பி பறிப்புக்காக ஆடலூர் செல்லவிருந்த என் தந்தை, தம் பங்குக் கொட்டையைத் தாளில் மடித்து என்னிடம் தந்தார். காப்பிப் பழத்தினுள் தட்டையான இரு கொட்டைகள் இருப்பதே இயல்பு. அரிதாக ஒற்றைக் கொட்டை உருண்டு விளையும். அவற்றைத் தனியே பொறுக்கித் தன் தம்பியான மாமனுக்கென்றே வறுப்பது என் தாயின் வழக்கம். தந்தை தந்ததும் அத்தகைய ஒன்றே.

"மாமன் டப்பாவுல போட்ருடா. பாத்ததுமே நான் போட்டதுன்னு தெரிஞ்சுக்குவான்" என்றார்.

துணிக்கடை வாயிலில் என் வகுப்புத் தோழர்கள் நின்றிருந்தனர்.

"ஏலே, பாத்துப் போடு. ஒங்க மாமன் டப்பாவுக்கும் அடியில ஓட்டை கெடக்கும்" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தனர். நான் இறந்தவரின் டப்பாவில் இட்டேன். அவர்கள் முதுகில் தட்டிக் கொடுத்தனர். அத்தட்டல் எனக்கு இனித்தது என்பதை இன்று எழுதவும் கை கூசுகிறது.

டப்பாக்களைத் தட்டுகளில் கவிழ்த்து எண்ணினார்கள். ஒரு கொட்டை வேறுபாட்டில் மாமன் தோற்றார். அவர் இறந்தவரின் தட்டிலிருந்து உருண்டைக் கொட்டையை எடுத்தார்; விரல்களிடையே உருட்டிப் பார்த்தார்; இருந்த இடத்திலேயே வைத்தார். "அவருதாங்க பொருத்தம்" என்று அனைவருக்கும் கேட்கச் சொன்னார்.

மாலையில் தாய் அவருக்கென்று காப்பி கலந்து வைத்தாள்.

"வேண்டாம்க்கா. சோலி கெடக்கு, வெரசாப் போகணும்."

அதன்பின் அவர் எங்கள் வீட்டில் காப்பி அருந்தவில்லை. தந்தை ஊர் திரும்பி, வாசலில் நின்று அழைத்தபோதும் தெருவிலிருந்தே தலையசைத்துச் சென்றார். "செவத்துல பேரு வரலைன்னா நான் என்ன செய்வேன்? என் கொட்டையை அவனுக்குத்தானே போடச் சொன்னேன்" என்று தந்தை என் தாயிடம் வருந்தினார். நான் அருகிலிருந்து வாய்பாட்டை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

சுவர்ப் பெயருக்காகவே மாமன் வாடுகிறார் என்று நானும் நம்பினேன். சில ஆண்டுகளில் துணிக்கடைக்கு வெள்ளையடித்தார்கள். பதினொரு பெயர்களும் மறைந்தன. இனி மாமன் வருவார் என்று அன்று மாலை நானே வாசலில் காத்திருந்தேன். அந்தத் தட்டில் அவர் கண்டது தம் தோல்வியை அல்ல, அத்தானாகிய என் தந்தை தம்மைப் பற்றிச் சொன்ன தீர்ப்பை என்பது, காத்திருந்த எனக்குத் தெரியவில்லை.