வாச்சருக்குக் கொண்டுபோன சந்தோசம்

கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த பிறகு எனக்கு அதுதான் முதல் நத்தார், அதாவது கிறிஸ்மஸ். என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. நத்தாருக்கு முதல் நாளே வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர், கடையில் சீசன், லீவு கிடைக்கவில்லை என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினார். எனக்கு வந்த கோபத்தில் பலகாரச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டேன். புதுச்சேலையைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தேன். இவர் வராத நத்தார் எனக்கெதுக்கு?

மாமியார் விடுவாரா? எங்கள் றப்பர் தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். சாயங்காலம் கரோல் பாடப் போகிறவர்கள் நாங்கள் குடியிருக்கிற லயத்தோடு நிற்காமல் பேக்டரி வாச்சர் வீட்டுக்கும் போவார்கள். அவர் சிங்களவர். நான் கரவனெல்லயில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள்.

"ஏ புள்ள, ஒனக்குத்தான் சிங்களம் தண்ணி பட்ட பாடு. நீ வரலன்னா அந்த மனுசன்கிட்ட நாங்க என்னத்தப் பேசுறது? எந்திரி."

முணுமுணுத்துக்கொண்டே போனேன். பாடி முடிந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "சந்தோசமக் கெனாவா, மாமே," என்றேன். சந்தோசம் கொண்டுவந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டதாக நினைப்பு.

வாச்சர் முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிங்களத்தில் சந்தோசம் என்றால் கையில் வைக்கிற இனாம். நம் ஆட்களும்தான் வேலை முடிந்ததும் "சந்தோசம் ஏதாச்சும் குடுங்க" என்று தலையைச் சொறிவார்கள். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமியார் அவசரமாக ஒரு பணியாரத்தை அந்தக் கையில் வைத்தார்.

"இது கையில குடுக்கிற சந்தோசம் இல்ல மாமே," என்று சிங்களத்திலேயே விளக்கினேன். "இயேசு சாமி எங்களோட இருக்கணும்னு மாட்டுக் கொட்டில்ல வந்து பொறந்துட்டாரு. அதச் சொல்லத்தான் வந்தோம்."

அவர் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே கேட்டார். "எனக்குக் கெடைக்கிற சந்தோசமெல்லாம் அன்னைக்கே தவறணையில குடிச்சுத் தீந்துடும். இது தீராதா?"

"தீராது," என்றேன் வெடுக்கென்று.

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் பேசுகிற பேச்சா இது? வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. சாமி வீட்டுக்குள் வந்திருக்க, நான் பஸ் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மறுநாள் புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் மனதாரப் பாடினேன். அப்படி நிறைந்த மனதோடு அதற்குமுன் நான் பாடியதே இல்லை. பொங்கலுக்கு லீவு கிடைத்து, கோபமாக இருப்பாளே என்று மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்த வீட்டுக்காரர் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்.

அடுத்த நத்தாருக்கும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குக் கோபம் வராமலில்லை. ஆனால் பலகாரச் சட்டி அடுப்பிலேயே இருந்தது. கரோல் பாடப் போனபோது வாச்சர் சிங்களத்தில் விசாரித்தார். இந்த முறையும் உன் வீட்டு மாத்தயா வரவில்லையாமே, போன வருசத்துச் சந்தோசம் தீர்ந்துவிட்டதா?

"தாம இவர நே," என்றேன். இன்னும் தீரவில்லை என்று அர்த்தம்.

மாமியாருக்குச் சிங்களம் அரைகுறை. 'நே' என்றால் இல்லை என்பது மட்டும் தெரியும். நான் வீட்டுக்காரரை எப்போதும் 'இவர்' என்றுதான் சொல்வேன்.

"இவரு இல்லன்னு சொல்லுது பாருங்க, பாவம் புள்ள," என்று அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

நான் சிரித்த சிரிப்பில் வாச்சரும் சேர்ந்துகொண்டார். எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியாமல் மாமியார் முறைத்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இவர் இல்லைதான். தீரவும் இல்லை.