டாக்டரிடம் நான் மறைத்த மஞ்சள்காமாலை

ராசாத்தி கட்டிய இலைக்கட்டு அவிழ்ந்துபோனது என்று இருபது வருடத்தில் ஒரு பேச்சு வந்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் கல்யாண வீடுகளுக்கு வாழை இலை கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. வந்து இறங்கும் இலையில் கிழிசலைத் தள்ளி, நுனி இலையைத் தனியே பிரித்து, அளவாக நறுக்கி, வாழைநாரால் கட்ட வேண்டும். முடிச்சுப் போட்டு ஒரு இழு இழுப்பாள் பாருங்கள், பிறகு கத்தி வைத்துத்தான் அறுக்க வேண்டும். அப்படிப்பட்டவள் கட்டிய கட்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஆவணி முகூர்த்தத்தில், மண்டபத்து வாசலிலேயே பிரிந்து சேற்றில் சிதறியது. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. லால்குடிப் பக்கம் பிறந்தவள். கொழுந்தன் செத்த பிறகும் நாங்கள் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில்தான் இருக்கிறோம். எனக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள் மகள் மகாலட்சுமி. நடுவில் அவளுக்குக் கசக்கிற இடம் ஒன்று வரும். அங்கே பேனாவைக் கீழே வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மகாலட்சுமி பிறந்தபோது ராசாத்திக்கு ரத்தம் நிற்காமல் போனது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். மூன்றாம் மாதம் கண் இரண்டும் மஞ்சளாகிவிட்டது. நான்தான் லால்குடிக்கு அப்பால் ஒரு ஊருக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு வைத்தியர் ஞாயிற்றுக்கிழமை விடியலில், வெறும் வயிற்றில், பச்சிலையை ஆட்டுப்பாலில் அரைத்துக் கொடுப்பார். மூன்று வாரம் உப்பில்லாத சோறு. கண் வெளுத்தது. கடைசி நாள் அவர் எங்களை உட்காரவைத்து, இறங்கிப்போன நோவின் பெயரை இனி உங்கள் வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் கூப்பிட்டதாக நினைத்துத் திரும்பி வந்துவிடும் என்றார். அதை நான் இருபது வருடத்துக்கு மேல் காப்பாற்றினேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது.

இலைக்கட்டு அவிழ்ந்த காலத்தில்தான் அவளுக்குக் காலையில் விரல் மடங்காமல் போயிற்று. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் டம்ளரைப் பிடிக்க முடியும். முழங்கால், மணிக்கட்டு எல்லாம் வலி. நான் விட்டேனா? கொசு கடித்து வருகிற காய்ச்சல்தான், நம் தெருவுக்கே வந்து போயிற்று என்று சாதித்தேன். நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுத்தேன், தைலம் தேய்த்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

கடைசியில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனையில் மூட்டுவாதம் இருப்பதாக வந்தது. மாத்திரை எழுதும் முன்பு அவர் ராசாத்தியைப் பார்த்து, "மஞ்சள்காமாலை எப்பவாச்சும் வந்துருக்காம்மா?" என்று கேட்டார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சொன்னேன்: "எங்க வீட்ல யாருக்குமே அது வந்ததில்லைங்க."

பெயரைச் சொல்லக் கூடாது என்ற பயம் அதில் பாதி. மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். அந்த வாரம்தான் முசிறியிலிருந்து மகாலட்சுமியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அம்மாவுக்கு ஈரலில் கோளாறு, பெண்ணுக்கும் இருக்குமோ என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், யார் வாசலை மிதிப்பார்கள் என்று நினைத்தேன். எழுது மகாலட்சுமி, அதையும் எழுது.

டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் போடச்சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார். மாதா மாதம் ரத்தம் கொடுத்து ஈரலைப் பார்க்கச் சொன்னார். வலி குறையத் தொடங்கியது. ராசாத்தி மறுபடியும் கடைக்குப் போனாள். "அக்கா, உங்க தைலத்தை இனிமே தோசைக்கல்லுல ஊத்திக்கங்க" என்று கேலி வேறு. அந்தச் சிரிப்பைப் பார்த்து மயங்கி, வலிதான் போய்விட்டதே, எதற்கு மாதா மாதம் ஊசியால் குத்திக்கொள்கிறாய் என்று நான்தான் தடுத்தேன். இரண்டு தடவையோடு ரத்தம் கொடுப்பது நின்றது. மாத்திரை மட்டும் ஓடியது.

அந்த வருடம் முடிவதற்குள் அவளுக்குக் கால் வீங்கியது. சோறு இறங்கவில்லை. கண் மறுபடியும் மஞ்சள்.

அப்போதும் என் புத்தி பச்சிலைக்குத்தான் போயிற்று. பழைய வைத்தியர் இல்லாவிட்டாலும் மகன் கொடுப்பான் என்று அவளை இழுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். லால்குடி பஸ் வந்தது. நான் படியில் கால் வைத்துவிட்டேன். அவள் கீழேயே நின்றாள்.

"அக்கா, நான் வரல. பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். நீங்களும் வாங்க. ஆனா அங்க வந்து வாயத் தொறக்காதீங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. கண்டக்டர் ஏறுகிறாயா இல்லையா என்று கத்தினான். இறங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தம் ஏற்றியது, மஞ்சள்காமாலை, பச்சிலை, ஒன்று விடாமல். அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தபோது நான் முந்தானையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன். பரிசோதனை எல்லாம் முடிந்து ஒரு லேடி டாக்டர் விளக்கினார். அந்த இரண்டு பாட்டில் ரத்தத்தில் வந்த கிருமியாகத்தான் இருக்குமாம். இத்தனை வருடமும் சத்தமில்லாமல் ஈரலில் இருந்திருக்கிறது. மூட்டு வலியும் அதனால்தான். அந்தக் கிருமி இருந்தால் ரத்தத்தில் வாதம் இருப்பது போலவே காட்டுமாம். முதலில் கேட்டபோதே சொல்லியிருந்தால் கிருமிக்குத்தான் மருந்து கொடுத்திருப்பார்கள். ஈரலுக்கு ஆகாத மாத்திரையைக் கொடுத்திருக்கவே மாட்டார்கள் என்றார்.

மூன்று மாதம் மருந்து தின்று கிருமி போய்விட்டது. கை வலியும் பெரும்பாலும் இல்லை. ஆனால் இறுகிப்போன ஈரல் பழையபடி திரும்பாதாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். வயிற்றில் நீர் கோத்தால் போய்ப் படுக்க வேண்டும். கட்டுக் கட்ட விரல் இருக்கிறது, நின்று வேலை பார்க்க உடம்பு இல்லை. மகாலட்சுமிக்கும் பரிசோதித்துப் பார்த்தோம். அவளுக்கு ஒன்றுமில்லை. அந்த முசிறி சம்பந்தமோ, ஜாதகம் சேரவில்லை என்று பெண் பார்க்க வராமலே நின்றுபோயிருந்தது.

போன வாரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ராசாத்தியிடம் கேட்டேவிட்டேன், என் மேல் கோபம் இல்லையா என்று.

"எனக்கும்தான வாய் இருந்துச்சு அக்கா. நானும்தான சும்மா இருந்தேன். பாதித் தப்பு என்னுது" என்றாள்.

அவள் ஆயிரம் சொல்லட்டும். டாக்டர் கேட்டபோது அவள் பார்த்தது என் முகத்தை. இந்தத் தப்பில் அவளுக்குப் பங்கு தரமாட்டேன். மகாலட்சுமி, உன் அம்மா சொன்னதை எழுதிக்கொள். அதற்குக் கீழே, பெரியம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எழுது.