எட்டு விரல் இறங்கட்டும்

மார்கழி வெள்ளிக்கிழமை காலை. பூக்கூடையோடு கோயிலுக்குக் கிளம்பியிருந்தேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து மரகதம் அக்காவின் மகன் செந்தில் போன் செய்தான். "சித்தி, அம்மா போயிட்டாங்க." கூடையைக் கீழே வைத்தேன். தீட்டு வந்துவிட்டது, கோயிலுக்குப் போக முடியாது என்பதுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மரகதம் அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. ஆண்கள் இருவரும் வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு ஏக்கர் நெல் வயலை அக்காதான் பார்த்தார்கள். கணக்கு நோட்டு என் பொறுப்பு. வாய்க்காலின் கடைசி வயல். எல்லோருக்கும் பாய்ந்த பிறகே எங்களுக்குத் தண்ணீர்.

ஒரு வருஷம் வேளாண்மைக் கூட்டத்துக்குப் போய்வந்த அக்கா, பிளாஸ்டிக் குழாயில் சுற்றிலும் துளை போட்டு, மேல வயலில் ஒன்றும் கீழ வயலில் ஒன்றுமாகப் பாதி புதைத்தார்கள். மண்ணுக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அதில் தெரியும். "எட்டு விரல் இறங்கட்டும், அப்புறம் மடை திறப்போம்." தினம் பார்த்து எழுதுவது என் வேலை.

வயல் கீறல் விட்டது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "காவிரித் தண்ணி குடிக்கிற ஊர்ல வயலை இப்படி வெடிக்க விட்டிருக்கீங்களேம்மா" என்றார்.

"நெல்லு என்ன கெண்டை மீனா மாமா, தண்ணியிலேயே கிடக்க?" என்றார்கள் அக்கா.

எனக்குத்தான் மனசு தாங்கவில்லை. அக்காவுக்குத் தெரியாமல் மேல வயலுக்கு மடை திறந்துவிட்டு, நோட்டில் 'எட்டு விரல்' என்று எழுதினேன். ஒரு நாள் அல்ல, மூன்று வாரம்.

ஒருநாள் அக்கா மேல வயல் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். நோட்டை வாங்கிப் படித்தார்கள். "ஏண்டி, தினம் சாமி கும்பிடுறவ பொய்க்கணக்கு எழுதலாமா?" அதோடு சரி. இரண்டு வயலிலும் ஒவ்வொரு தூர் பிடுங்கி, அலசி, என் கையில் கொடுத்தார்கள். நான் தண்ணீர் விட்டதில் வேர் கறுத்துக் குட்டையாக இருந்தது. காயவிட்டதில் வெள்ளை வேர், ஒரு சாண் நீளம்.

"தாகம் பயிருக்கு இல்லடி. உனக்கு."

ஆற்றில் தண்ணீர் சீக்கிரம் நின்ற வருஷம் எங்கள் பயிர் தாங்கியது. பக்கத்து வயல்காரரே குழாய் கேட்டு வந்தார். "கெண்டை மீன் சௌக்கியமா மாமா?" என்று சிரித்துக்கொண்டே அக்கா துளை போட்டுக் கொடுத்தார்கள்.

இந்தச் சம்பா நடவின்போதே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "அறுப்பு முடியட்டும், டாக்டர்ட்ட போறேன்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். விரல் விரலாகத் தண்ணீரை அளந்தவள், பக்கத்தில் நின்ற அக்காவின் மூச்சைக் கவனிக்கவில்லை.

மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, போவதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை சாயங்காலம் அங்கிருந்து போனில் பேசினார்கள். "கதிர் தலை நீட்டிடுச்சா?"

"நீட்டிடுச்சுக்கா."

"இனிமே காயவிடாதே. பூக்கிற பயிருக்குத் தண்ணி நிக்கணும். உன் ஆசை தீர விடு, போ."

பதினாறு நாள் விளக்கேற்றக் கூடாது. மடை திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அக்காவை எடுத்துப்போன மறுநாள் காலை வயலுக்குப் போனேன். கதிர்கள் பூத்திருந்தன. மடை மண்ணை வெட்டிவிட்டு, தண்ணீர் குழாயைச் சுற்றி ஏறும்வரை நின்றேன்.

போய்ட்டு வாங்கக்கா. நோட்டில் எழுதிவிட்டேன்: மண்ணுக்கு மேல் மூன்று விரல். பொய்யில்லை.