தூசுக்கு வெல்லம்

என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும், மேனாம்பேட்டில் எங்கள் தெருவே ஒரே கேள்வியைத்தான் கேட்டது. "சிகரெட்டு புடிப்பாரா?" மனுஷன் பீடியைக்கூடத் தொட்டதில்லை. அப்படிச் சொன்னால் நம்புகிற முகம் ஒன்றுகூட இல்லை. பொறுத்துப் பார்த்து, "ஆமாம், கஞ்சாவும் உண்டு" என்றேன். அதை உடனே நம்பினார்கள்.

அவருக்கு அம்பத்தூரில் ஒரு கிரைண்டிங் பட்டறையில் வேலை. வார்ப்பு இரும்பைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அதற்கு அங்கே ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது ஆளுக்கொரு துண்டு வெல்லம். தின்றால் தூசு இறங்கிவிடுமாம். முகமூடி கேட்டால் இன்னொரு துண்டு கொடுப்பார்கள்.

டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வெல்லம் வயித்துக்குப் போகும்மா. தூசு நுரையீரலுக்குப் போகும். ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது" என்றார். இதனால்தான் வந்தது என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாதாம். ஆனால் வருஷக்கணக்காகப் பட்டறைத் தூசும் ரோட்டுப் புகையும் உள்ளே போனால் ஆபத்து கூடும் என்றார். கூட வேலை செய்கிறவர்களுக்கு இருமல் இருந்தால் அழைத்து வரச் சொன்னார்.

கூட வேலை செய்கிறவன் என் தம்பி. என் வீட்டுக்காரர்தான் அவனை அங்கே சேர்த்துவிட்டார். பக்கத்து மிஷின்.

ஒருநாள் காலை, ஷிப்டுக்குப் போகிற வழியில் தம்பி சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தான். கட்டில் ஓரம் உட்கார்ந்தான்.

"மாமா, நீ வெல்லத்த ஒயுங்கா துன்னியா இல்லியா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க மச்சான்? அல்லாத்தியும் ஊட்டுக்கு எட்தாந்து உங்கக்காகிட்ட குட்துட்டேன். காபில போட்டே தீத்துட்டா."

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதான பாத்தேன். நான் ஒரு நாளுகூட உட்டதில்ல" என்றவன், என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

தம்பி பயப்படக் கூடாதே என்று அவர் சொன்ன பொய். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் புருஷனைக் கொடுத்த பட்டறைக்குத் தம்பியையும் கொடுக்க நான் தயாராக இல்லை.

"பொய்டா. ஒரு துண்டுகூட இந்த ஊட்டு வாசப்படி ஏறல. அல்லாத்தியும் துன்னுட்டுதான் உங்க மாமா இப்டி படுத்துகினு கீறாரு. வெல்லமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீ ஆஸ்பத்திரிக்கு வந்து எக்ஸ்ரே எடு."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி சாத்துக்குடிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொங்கல்லேந்து எனக்கும் இருமுதுக்கா" என்றான். "நீ கத்துவேன்னுதான் சொல்லல."

நான் கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "நட" என்றேன்.