பாய்மரக் கயிற்றில் நான் போட்ட முடிச்சு

வேன் கேரியரில் பெட்டிகளை ஏற்றிக் கட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது. டொக், டொக், டொக். மூன்று தட்டு. அப்புறம் ஒன்றுமில்லை. குனிந்து பார்த்தால் யாரும் இல்லை. ஒரு வருஷமாக இப்படித்தான். பவுர்ணமிதோறும் என்னோடு மலை சுற்றுகிற உங்களிடம்கூட நான் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், அன்பர்களே.

போன வருஷம் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. செங்கம் ரோட்டில் பல வருஷமாக வாடகைக்கு இருக்கும் பியேர் என்ற வெள்ளைக்காரரை ராமேஸ்வரம் பக்கம் கூட்டிப் போயிருந்தேன். வேனை மாற்றி ஓட்ட என் மச்சான் செல்வம் வந்தான். என் மனைவியின் தம்பி. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே பியேர் ஒரு பாய்மரப் படகை எடுத்து எங்களையும் ஏறச் சொன்னார். மலையடிவாரத்துக்காரனுக்குக் கடலில் என்ன வேலை? வேண்டாம் என்று சொன்னேனா? ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் மூன்று மணி. விரிகுடாவில் காற்று பேயாக அடித்தது. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை பியேர் என் கையில் கொடுத்தார். தமிழ் அவருக்கு நம்மைப்போலவே வரும்.

"கையிலயே வெச்சுக்கங்க, கட்டாதீங்க. காத்து ஜாஸ்தியானா உடனே விட்டுடணும்."

கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை எரிந்தது. இருபது வருஷமாக லோடு கட்டுகிறவன் நான். என்னிடம் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்காரு என்றால்? அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து லாரி முடிச்சு ஒன்று போட்டு இறுக்கிவிட்டேன். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. எனக்குப் பெருமை வேறு.

அடுத்த வீச்சில் படகு சாய்ந்தது. "விடுங்க! கயித்த விடுங்க!" என்று பியேர் கத்தினார். எதை விட? முடிச்சில் நகம்கூட இறங்கவில்லை. படகு கவிழ்ந்தது.

மிதவைச் சட்டை போட்டிருந்தோம். பியேரை அலை தள்ளிக்கொண்டு போய்விட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. கவிழ்ந்த படகின் முதுகைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன். செல்வத்தைக் காணோம். அப்போதுதான் என் நெஞ்சுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டொக், டொக், டொக். நான் கட்டிய கயிற்றில் சிக்கிப் படகுக்கு அடியில் கிடந்தான்.

கையை உள்ளே விட்டுத் துழாவியிருக்கலாம். விடவில்லை. பயம். இரண்டு கையும் விறைத்து ஐஸாகிவிட்டன. தட்டும் நின்றுவிட்டது.

பதிகம் எதுவும் வாயில் வரவில்லை. "அண்ணாமலையாரே! கட்டுனது நான்தான் சாமி. அவன எடுத்துக்காத!" என்று கதறினேன். எத்தனை முறை கதறினேனோ தெரியாது. பக்கத்தில் தண்ணீர் பிளந்தது. செல்வம் மேலே வந்து மூச்சை இழுத்தான்.

மீன்பிடிக்கிறவர்கள் வந்து மூன்று பேரையும் ஏற்றினார்கள். படகை நிமிர்த்தியபோது என் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. அவன் காலைச் சுற்றியிருந்த சுருக்கும் இறுகியபடியே கிடந்தது. கத்தியால்தான் அறுத்தார்கள். அதிலிருந்து கால் எப்படி வெளியே வந்தது?

கரையில் செல்வம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "நீங்க இல்லன்னா செத்திருப்பேன் மாமா. என் மணிக்கட்டப் புடிச்சு இழுத்தீங்களே, உங்க கை என்னா சூடா இருந்துச்சு!"

என் கை தண்ணீருக்குள் போகவே இல்லை. ஆனாலும் அதை அவனிடம் நான் சொல்லவில்லை. ஊருக்கு வந்ததும் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். மனைவி திருஷ்டி சுற்றிப்போட்டாள். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். வெட்கங்கெட்டவன், வாங்கிப் போட்டுக்கொண்டேன். அந்தத் தட்டல் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

நல்லவனாக ஆன பிறகு சாமியைக் கூப்பிடலாம் என்று யாரும் காத்திருக்காதீர்கள். நான் கூப்பிட்டது எப்பேர்ப்பட்ட நேரம், எப்பேர்ப்பட்ட வாய்! அதற்கும் வந்தார். இப்போதெல்லாம் யார் ஒன்றைச் சொன்னாலும் முதலில் காதுகொடுத்துக் கேட்கிறேன். லோடு கட்டினாலும் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சுதான் போடுகிறேன். தட்டல் நிற்குமா, தெரியாது. நிற்காவிட்டாலும் சுமக்கிறேன்.

செல்வத்துக்குப் போன மாதம் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. என் பெயரை வைக்கப்போகிறானாம். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செல்வம், நீயும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாய். உன்னைக் கட்டியது நான். இழுத்தது நான் இல்லை. பையனுக்கு அண்ணாமலை என்று பேர் வை.