உப்பு நிற்காத உடம்பு

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. வரிசையாக நகர்ந்துவரும் டப்பாக்களில் மூடி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டு செய்யும் வேலை. பத்து வருஷமாகச் செய்துவந்தது, ஒரு கோடையில் என்னால் முடியாமல் போனது. முதலியார்பேட்டையில் கம்பெனி பஸ் ஏறினால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். இறங்க எழுந்தால் கண் இருட்டும். சேலைக் கொசுவத்தில் வழக்கமாக ஐந்து மடிப்பு வரும். ஏழு வர ஆரம்பித்தது. அவ்வளவு இளைத்திருந்தேன்.

நிறமும் மாறியது. வெயிலில் கருத்துவிட்டேன் என்று நினைத்து வீட்டுக்காரர் ஒரு குடை வாங்கிவந்தார். ஆனால் நான் வேலை செய்வது கூரைக்குக் கீழேதான். கைவிரல் முட்டிகள், முழங்கை, சின்ன வயதில் அடிபட்ட தழும்பு என்று வெயிலுக்குச் சம்பந்தமில்லாத இடங்களெல்லாம் கருத்தன. முகத்துக்கு என்ன பூசுகிறாய், பூசுவதை நிறுத்து என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நான் எதையும் பூசவில்லை.

இதோடு உப்பு ஆசை வேறு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் முதலில் ஊறுகாயைத் தீர்ப்பேன். கனகசெட்டிக்குளத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா நெத்திலிக் கருவாடு கொண்டுவருவாள். அதை அப்படியே பிய்த்து வாயில் போட்டுக்கொள்வேன். காலையில் குமட்டலும் இருந்ததால், என்னோடு வேலை செய்யும் பெண்கள் நான் முழுகாமல் இருக்கிறேன் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு வயது நாற்பத்திரண்டு, மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கூச்சத்தோடு மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு கோடுதான் விழுந்தது. தெருமுனை கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். இரண்டு பாட்டில் குடித்தும் ஒன்றும் மாறவில்லை.

மழைக்காலத்தில் சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்தது. வீட்டில் மூன்று பேருக்கும் வந்தது. மற்ற இருவரும் இரண்டு நாளில் எழுந்துவிட்டார்கள். எனக்கு வாந்தி நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலை குளியலறை வாசலில் விழுந்துவிட்டேன். வீட்டுக்காரரும், காய்ச்சல் என்று கேட்டுப் பார்க்க வந்திருந்த அக்காவும் ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் பார்த்த நர்ஸ், மறுபடியும் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடியது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

வந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். குளுக்கோஸ் ஏற்ற என் கையைப் பிடித்தவர், அப்படியே உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“இந்த ரேகையெல்லாம் எப்பவுமே இப்படிக் கருப்பா இருக்குமாம்மா?”

இல்லை என்று தலையாட்டினேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். ஈறிலும் கருந்திட்டுகள் இருந்தன. அது எனக்கே தெரியாது.

“உப்பு நெறைய சாப்பிடத் தோணுதா?”

என் அக்காதான் பதில் சொன்னாள். “கருவாட்ட வறுக்கக்கூட விடமாட்டறாம்மா. பச்சையாவே தின்னுறா.”

டாக்டர் உடனே ரத்தம் எடுத்தார். முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. உப்புத் தண்ணீர் வேகமாக ஏற, நரம்பில் ஒரு ஊசியும் போட்டார். மறுநாள் காலையில் எனக்குப் பசித்தது. பசி என்றால் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. இட்லி கேட்டேன். அக்கா திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.

ரத்த முடிவும் ஸ்கேனும் வந்த பிறகு டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்து விவரம் சொன்னார். இரண்டு சிறுநீரகத்தின் மேலேயும் குல்லா வைத்ததுபோல ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். அட்ரினல் என்று பெயர். பயந்தால் நெஞ்சு படபடக்க வைப்பது அதன் நடுப்பகுதி. வெளிப்பகுதிதான் எனக்குக் கெட்டுப்போனது. அங்கே சுரக்கும் ஒரு ஹார்மோன் உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கிறது. அது இல்லாததால் தின்ற உப்பெல்லாம் சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று கார்டிசால். விடியும்போது அதிகமாகச் சுரந்து நம்மை எழுப்பிவிடுவதும், பிரஷரையும் சர்க்கரையையும் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். காய்ச்சல் வந்தால் இன்னும் அதிகமாகச் சுரக்க வேண்டும். என்னிடம் சுரக்க ஒன்றும் இல்லை.

கருத்தது ஏன் என்று கேட்டேன். மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி, ஹார்மோன் போதவில்லை, சுரந்து அனுப்பு என்று உத்தரவு மேல் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்ததாம். அந்த உத்தரவு தோலுக்கும் போய்ச் சேர்ந்து அதைக் கருக்கவைத்துவிடுமாம். இருபது வயதில் எனக்கு நுரையீரலில் டிபி வந்து குணமானது. அப்போதே அந்தக் கிருமி இந்தச் சுரப்பிகளிலும் தங்கி மெல்ல அரித்திருக்கலாம் என்றார்.

ஸ்டீராய்டு மாத்திரை என்றதும் என் வீட்டுக்காரர் தயங்கினார். அது உடம்பைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார்.

“தேவைக்கு மேல சாப்பிட்டாத்தான் கெடுதல்,” என்றார் டாக்டர். “இவங்க உடம்பு தானா செய்ய வேண்டியத நாம வெளியேருந்து குடுக்குறோம், அவ்ளோதான். ஆனா ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்கா போடணும். வாந்தி நிக்கலன்னா உடனே வந்துடணும்.”

டாக்டர் போனதும் வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“நான் வேற இன்னாவோ நெனச்சிட்டு இருந்தேன்,” என்றார்.

“இன்னா நெனச்ச?”

“அந்தப் பெரிய வியாதி பேர வாயால சொல்லமாட்டேன். மூணு மாசமா எனக்குச் சோறே எறங்கல.”

அப்போதுதான் கவனித்தேன், அவரும் இளைத்திருந்தார். என்னைப் பார்ப்பதிலேயே அத்தனை பேரும் இருந்ததில் அவரை யாரும் பார்க்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

காலையில் இரண்டு மாத்திரை, மதியம் ஒன்று, உப்பைப் பிடித்துவைக்க இன்னொன்று என்று ஆரம்பித்தேன். ஒரே மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். மெதுவாக நிறமும் வெளுத்தது. நோயின் பெயரும் மருந்தும் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் என் பர்ஸில் இருக்கிறது.

போன ஆடியில் மறுபடியும் காய்ச்சல் வந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் முகம் மாறியது. டாக்டர் சொன்னபடி மாத்திரையை இரண்டு மடங்காகப் போட்டுக்கொண்டு கஞ்சி குடித்துப் படுத்தேன். மகள் மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் மதியத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. நானே எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தேன். ஊறவைத்திருந்த துணியை அவள் பாதி துவைத்திருந்தாள். மீதியை நான் அலசி, மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் நிதானமாகக் காயப்போட்டேன்.