எஸ்தர் பொருத்திய எண்ணெய் டப்பா

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிசில்லா தொலைபேசியில் கூப்பிட்டாள். என் தோழி எஸ்தரின் தம்பி சாமுவேலின் மகள் அவள். தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் பதில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் வரும். அன்று அவள் தமிழில் பேச முயன்றதுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "ஆண்ட்டி, அத்தை போயிட்டாங்க. தூக்கத்துல. கஷ்டப்படல" என்றாள். அதற்கு மேல் முடியாமல் தெலுங்குக்குப் போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். எஸ்தர் பாடகர் குழுவில் எத்தனை காலம் பாடினாள் என்று போதகர் சொன்னார். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பாகம்கூடத் தொழிற்சாலையை விட்டு வெளியே போனதில்லை என்று எங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் சொன்னார். இரண்டும் உண்மைதான். ஆனால் அவள் பந்தயத்தில் கார் ஓட்டியதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் அதைப் பேசலாமா என்று தயக்கம் இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், செகந்திராபாத்தை அடுத்த சனத்நகர் பக்கத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் நாங்கள் சேர்ந்தோம். நான் நிர்வாகப் பிரிவில் சுருக்கெழுத்தாளர். அவள் டிப்ளமா முடித்துத் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு வந்தவள். அவளுடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து லாலாகுடா ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்தவர். எஸ்தர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத்தில். இருந்தாலும் அவள் வாயில் நெல்லைத் தமிழ் அப்படியே இருந்தது. நடுநடுவே அந்த ஊர் உருதுவில் வேண்டாம் என்பதற்கு நக்கோவும் ஆமாம் என்பதற்கு ஹவ்வும் வந்து விழும். குகட்பள்ளி வீட்டு வசதிக் குடியிருப்பில் என் வீட்டுக்கு அடுத்த வரிசையில், தம்பியோடு இருந்தாள். காலைப் பேருந்தில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் எங்கள் சினேகம் ஆரம்பித்தது.

பிறகு அவள் கார் வாங்கினாள். மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி விற்றுவிட்டுப் போன, இரண்டே கதவுள்ள சின்னச் சிவப்புக் கார். முதல் நாள் அவளோடு நானும் அதில் போனேன். வாசலில் காவலாளி தடுப்புக் கம்பைத் தூக்கி, சலாம் வைப்பதற்காகப் பின்னிருக்கையில் அதிகாரி யாரென்று குனிந்து பார்த்தார். "பின்னால் யாரும் இல்லை, நான்தான்" என்று எஸ்தர் தெலுங்கில் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அவளுக்கே சலாம் வைத்தார். மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

வேலைக்குப் போய்வர மட்டும் அவள் அந்தக் காரை வாங்கவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. போவன்பள்ளிக் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் காதர் பாய் என்பவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். ரயில்வே குடியிருப்புத் தமிழர்களோடு பழகிப் பழகி நன்றாகத் தமிழ் பேசுவார். சனிக்கிழமை மதியங்களில் எஸ்தர் அங்கேதான் இருப்பாள். இருவருமாக அந்த என்ஜினைப் பிரித்தார்கள், என்ஜினுக்குப் பெட்ரோல் கொடுக்கும் கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டை வைத்தார்கள், இன்னும் என்னென்னவோ செய்தார்கள். ஊரில் ஒரு மோட்டார் சங்கம் இருந்தது. வருடம் ஒருமுறை, ஊருக்கு வெளியே பயன்பாட்டில் இல்லாத ஒரு விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்துவார்கள். எஸ்தர் அதில் ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். "பொம்பளைகளுக்குன்னு தனியா ஒண்ணு வச்சா நான் வரமாட்டேன். எல்லாரோடயும் சேத்து ஓடணும்" என்பாள்.

வேகம் கூடியதும் ஒரு தொல்லை வந்தது. என்ஜினுக்குள்ளே உண்டாகும் ஆவி வெளியேறுவதற்கு ஒரு குழாய் உண்டு. அது என்ஜினின் தலையிலிருந்து காற்று வடிகட்டிக்குப் போகும். சாதாரணமாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. விரட்டி ஓட்டினால் ஆவியோடு எண்ணெயும் சேர்ந்து போய் என்ஜினுக்குள்ளேயே எரியும். பின்னால் நீலப் புகை. தீப்பொறி தரும் பிளக்குகள் எண்ணெயில் நனைந்து வண்டி திணறும்.

அதற்குக் காதர் பாய் சுலபமான வழி சொன்னார். அன்று நானும் பட்டறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்கு இத்தனை தொந்தரவு மேடம்? பைப்பைக் கழட்டி ரோட்டுப் பக்கம் விட்டுடலாம். பந்தயக்காரங்க எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க."

"நக்கோ பாய்."

"சொட்டு சொட்டாத்தான் விழும் மேடம். ஒண்ணும் ஆகாது."

"சொட்டு எண்ணெயிலதான் என் தம்பி விழுந்தான்" என்றாள் எஸ்தர்.

காதர் பாய் பைப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். சாமுவேல் பாலாநகர் சாலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஏதோ ஒரு வண்டி விட்டுப்போன எண்ணெயில் சறுக்கி விழுந்தவன். இடுப்பெலும்பு முறிந்து, கூடினபோது ஒரு கால் குட்டையாகிவிட்டது. "அது யார் வண்டின்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது பாத்துக்கோ. திட்டுததுக்குக்கூட ஆளில்ல" என்று ஒருமுறை பேருந்தில் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

எண்ணெயைப் பிடித்து வைக்க ஒரு டப்பா செய்வது என்று முடிவானது. வெளிநாட்டுப் பந்தயக்காரர்கள் அதைக் கேட்ச் கேன் என்பார்களாம். கடையில் கிடைக்காது. எங்கள் தொழிற்சாலையில் கேட்டால் யாராவது அரை மணி நேரத்தில் செய்து தந்திருப்பார்கள். சொந்த வேலைக்கு அதை அவள் கேட்கவில்லை. சனத்நகர் தொழிற்பேட்டையில் ஒரு பற்றவைப்புக் கடைக்குப் போய் அலுமினியத் தகட்டில் ஓர் உருளை செய்து வாங்கினாள். மூடியில் இரண்டு குழாய்கள். ஒன்று என்ஜினிலிருந்து வரும், மற்றது காற்று வடிகட்டிக்குத் திரும்பிப் போகும். அடியில் எண்ணெயை வடித்துவிட ஒரு சின்னத் திருகு.

முதல் டப்பா வேலை செய்யவில்லை. ஆவி ஒரு குழாயில் வந்து மற்றதில் அப்படியே போய்விட்டது. உள்ளே அது எதிலாவது மோதி, குளிர்ந்து, எண்ணெயாக மாற வேண்டும் என்று காதர் பாயிடம் விளக்கினாள். பிறகு என் வீட்டுச் சமையலறைக்கு வந்து, பாத்திரம் தேய்க்க வைத்திருந்த கம்பிச் சுருளைக் கேட்டாள். வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன்.

அதைச் சோதிக்க மேட்சல் சாலையில் போனபோது நானும் கூட இருந்தேன். போவன்பள்ளி தாண்டி, சாலை காலியானதும் அவள் காலை அழுத்தினாள். பின்னால் திரும்பிப் பார்த்து, "புகையே இல்ல" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் முன்னால் டப்பென்று ஒரு சத்தம். என்ஜின் மூடியின் இடுக்குகளிலெல்லாம் வெள்ளைப் புகை. காரை ஓரம் கட்டி, "இறங்கு, இறங்கு" என்று என்னைத் தள்ளிவிட்டு மூடியைத் திறந்தாள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து கிடந்தது. என்ஜின் முழுக்க எண்ணெய். சூடான புகைபோக்கியில் அது விழுந்து பொசுங்கிக்கொண்டிருந்தது.

எஸ்தர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கம்பிச் சுருளை டப்பாவுல ரொம்ப இறுக்கி அடைச்சிட்டேன் கல்யாணி. ஆவி போக வழியில்ல. அது எந்த வழியாவது வரத்தானே செய்யும்."

"நாம செத்திருப்போம்."

"சாகல்லாம் மாட்டோம். சேலை அழுக்காயிருக்கும்."

முதலில் எரிச்சல் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காய்கறி லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறையில் விட்டார். அடுத்த டப்பாவில் கம்பிச் சுருளைப் பாதியாகக் குறைத்தாள். அது பிய்ந்து என்ஜினுக்குள் போய்விடாமல் மேலே ஓட்டை போட்ட ஒரு தகட்டை வைத்தாள். வெளியேறும் குழாயை அகலமாக்கினாள். அதே சாலையில் மறுபடி போனோம். திரும்பி வந்து திருகைத் திறந்தபோது, கறுத்த எண்ணெய் ஒரு தம்ளரில் பாதி அளவுக்கு இறங்கியது. காதர் பாய் அதை விரலில் தொட்டுப் பார்த்து, "இவ்வளவுமா ரோட்டுல போயிருக்கும்?" என்றார்.

"ஹவ் பாய். அவ்வளவும்தான்."

பந்தயத்தன்று நான் கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கார்களைச் சோதிக்கும் அதிகாரி ஓய்வு பெற்ற ராணுவக்காரர். எஸ்தரின் டப்பாவைத் தட்டிப் பார்த்து, "இது என்ன, சமையலறைப் பாத்திரமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பாத்திரம் இல்ல சார், பாத்திரம் தேய்க்கிற கம்பி உள்ளே இருக்கு" என்று அவள் சிரிக்காமல் சொன்னாள். அவர் குனிந்து இன்னும் நெருங்கிப் பார்த்தார். ஒத்திகைச் சுற்று முடிந்ததும் காருக்கு அடியில் செய்தித்தாள் விரிப்பேன், ஒரு சொட்டு விழுந்தாலும் போட்டியில் இடமில்லை என்றார். ஒத்திகை முடிந்தது. விரித்த தாளை அவர் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். வேறு எந்தக் காருக்கும் அவர் தாள் விரிக்கவில்லை.

ஓடுதளத்தின் ஒரு முனையில் ஒரு திருப்பம் இருந்தது. வேடிக்கை பார்ப்பவர்களுக்காக அதன் வெளிப்பக்கம் கயிறு கட்டியிருந்தார்கள். நன்றாகத் தெரியும் என்று என் மகனும் மகளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் பின்னால் நின்றோம்.

எஸ்தர் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் காரை நெருங்கிக்கொண்டே வந்தாள். அந்த முதல் காரின் குழாய் வெளியே திறந்து விடப்பட்டிருந்தது. கடைசிக்கு முந்தைய சுற்றில் அது எங்கள் எதிரே திரும்பியபோது, அடியிலிருந்து எண்ணெய் கோடாக ஒழுகியதை நானே பார்த்தேன். அந்தக் கார் தப்பித்துப் போய்விட்டது. அடுத்து எஸ்தர் வந்தாள். எண்ணெயை எப்போது பார்த்தாளோ தெரியாது. திடீரென்று வேகத்தைக் குறைத்து, உட்புறப் புல்லில் காரை இறக்கி நிறுத்தினாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவந்தாள். கொடி எதுவும் கையில் இல்லை. வருகிற கார்களுக்கு எதிரே, ஓடுதளத்தின் நடுவில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் வந்தவர் அவளைப் பார்த்து முன்கூட்டியே பிரேக்கை அழுத்திவிட்டார். அவள் ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள். அப்படியும் கார் எண்ணெயில் சுழன்று, பின்பக்கமாக எங்களை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வந்து, கயிற்றுக்கு முன்னால் நின்றது. என் மகள் கையை நீட்டியிருந்தால் தொட்டிருப்பாள். ரப்பர் கருகும் நாற்றம். என் கணவர் பிள்ளைகள் இருவரையும் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அதற்குள் கொடிகள் அசைந்து பந்தயம் நின்றது.

ஓடுதளத்தில் இறங்கி நின்றவர் போட்டியில் இல்லை என்பது விதி. சோதனை அதிகாரிக்கு அதைச் சொல்லவே சங்கடமாக இருந்தது. எஸ்தர் தலையாட்டினாள். "விதி அதுதான் சார். ஆனா பைப்பை வெளியே விடக்கூடாதுன்னும் ஒரு விதி எழுதுங்க" என்றாள்.

என் கணவர் அவளிடம் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நன்றியெல்லாம் நக்கோ அண்ணே. ஒரு டீ வாங்கித் தாங்க, போதும்" என்றாள்.

திரும்பி வரும்போது நான் அவளோடு காரில் வந்தேன். போவன்பள்ளி தாண்டும்போது, "ஜெயிச்சிருப்பேன் கல்யாணி" என்றாள். "தெரியும்" என்றேன். வீடு வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள்.

அடுத்த வருடம் அந்த விதி வந்தது. எண்ணெய் பிடிக்கும் டப்பா இல்லாத கார் ஓடுதளத்துக்குள் போகக்கூடாது என்றார்கள். எஸ்தரிடமே வரைபடம் வாங்கிப் போனார்கள். காதர் பாய் பட்டறையில் பந்தயக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அந்த முறை அவள் எல்லாரோடும் சேர்ந்து ஓடி மூன்றாவதாக வந்தாள். பரிசளிப்பில் சங்கத் தலைவர் "வீராங்கனை" என்று நீளமாகப் புகழத் தொடங்க, "முதல் ஆளுக்கும் எனக்கும் எத்தனை நொடி வித்தியாசம், அதை மட்டும் சொல்லுங்க சார்" என்று கேட்டாள். கூட்டத்தில் நின்ற சாமுவேல் கைதட்டினான்; விபத்துக்குப் பிறகு அவனை அப்படி அன்றுதான் பார்த்தேன். பிறகு அவனுக்குக் கல்யாணம், பிரிசில்லா, எஸ்தருக்குப் பதவி உயர்வு என்று காலம் ஓடியது. காரை ஒரு இளைஞருக்கு விற்றாள். டப்பாவைக் கழற்றக்கூடாது என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை.

அடக்கம் முடிந்து வந்ததும் வெளியூரில் இருக்கும் என் மகனிடம் சொன்னேன். "கையை விரிச்சுட்டு நின்னாங்களே, அந்த ஆண்ட்டியா?" என்றான். மகள் அடுத்த ரயிலிலேயே வந்து, கல்லறையில் பூ வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

எஸ்தரின் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. ஒரு புகைப்படம்கூட இல்லை. என் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். அவள் உயிரோடு இருந்தபோது இதை ஒருமுறை சொல்லப் பார்த்தேன். "ரொம்ப அளக்காத, கார் எப்படியும் நின்னிருக்கும்" என்றாள். நின்றிருக்காது எஸ்தர். நான் அங்கே இருந்தேன்.